அழித்தாலும் திரும்ப எரியும் ஏர்பேக் விளக்கு: பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காரின் சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் எரியும் விளக்குகளுள் ஒன்றில், உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரும் அவர் முகத்துக்கு எதிரே ஒரு வட்டமும் வரையப்பட்டிருக்கும். சில கார்களில் அந்தப் படத்துக்குப் பதிலாக, ஏர்பேக் அமைப்பைக் குறிக்கும் எஸ்.ஆர்.எஸ். என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். பெரும்பாலான கார்களில் இந்த விளக்கு ஏறக்குறைய நான்கு முதல் ஏழு வினாடிகள் எரிந்துவிட்டு அணைய வேண்டும். அந்தச் சில வினாடிகளில் ஏர்பேக் மாட்யூல் என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி, ஒவ்வொரு ஏர்பேக்குக்கும், சீட் பெல்ட்டை இறுக்கும் கருவிக்கும், மோதலை உணரும் சென்சாருக்கும் செல்லும் ஒயர்களில் மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பி, எல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா என்று சோதித்துக்கொள்கிறது. சோதனையில் ஒன்று தவறினாலும் விளக்கு அணையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது பழுது தெரியவந்தால், அணைந்த விளக்கு வழியிலேயே மீண்டும் எரியும்.

விளக்கு எரியும்போது ஏர்பேக் திடீரென்று முகத்தில் வெடித்துவிடுமோ என்றுதான் பலர் அஞ்சுகிறார்கள். அப்படி நடப்பது மிக அரிது. உண்மையான ஆபத்து இதற்கு நேர்மாறானது: மோதல் நிகழும்போது பை விரியாமல் போகலாம். பல மாடல்களில் ஒரே ஒரு சுற்றில் பழுது இருந்தாலும் அமைப்பு முழுவதுமே தன்னைச் செயலிழக்கச் செய்துகொள்ளும். சீட் பெல்ட்டை இழுத்து இறுக்கும் கருவியும் அதனுடன் சேர்ந்து ஓய்ந்துவிடும். இன்ஜின் வழக்கம்போல ஓடுவதாலும், மைலேஜில் எந்த மாற்றமும் தெரியாததாலும், இந்த விளக்கோடு மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். பெல்ட் தன் இயந்திர அமைப்பால் அப்போதும் பிடித்து நிறுத்தும் என்பதால், பழுது தீரும்வரை எல்லா இருக்கைகளிலும் பெல்ட் அணிவதைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை என்று கருதிக்கொள்ள வேண்டும்.

குறியீட்டை எழுதி வைக்காமல் அழிக்க விடாதீர்கள்

இந்தப் பழுதைப் பொறுத்தவரை பணமும் நேரமும் வீணாவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். பட்டறையில் பழுதைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டுகிறார்கள், மாட்யூல் பதிந்து வைத்திருக்கும் பழுதுக் குறியீட்டை அழிக்கிறார்கள், விளக்கு அணைகிறது, கட்டணம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த வேகத்தடையில் ஏறி இறங்கியதும் விளக்கு மறுபடியும் எரிகிறது. ரீசெட் செய்வதால் அழிவது மாட்யூலின் நினைவில் பதிந்திருந்த குறிப்பு மட்டுமே. தளர்ந்த இணைப்பும் அறுந்த ஒயரும் அப்படியேதான் இருக்கின்றன. அதைவிடப் பெரிய நட்டம், எந்தச் சுற்றில் பழுது என்று சொல்லக்கூடிய ஒரே சான்றையும் நாமே துடைத்துவிடுவதுதான். விட்டு விட்டு வரும் பழுதில் அந்தச் சான்று மீண்டும் கிடைக்கச் சில நாள்கள்கூட ஆகலாம்.

ஆகவே ஸ்கேனர் மாட்டப்படும்போது உடன் நின்று, திரையில் வரும் குறியீட்டையும் அதன் முழு விளக்க வரியையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பழுது இப்போதும் இருக்கிறதா, முன்பு வந்து பதிவாகி நிற்கிறதா என்பதையும் ஸ்கேனர் காட்டும். அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் புளூடூத் கருவிகளில் பெரும்பாலானவை இன்ஜின் தொடர்பான, ‘P’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் குறியீடுகளை மட்டுமே படிக்கும். ஏர்பேக் மாட்யூலுக்குள் நுழையாத அந்தக் கருவி ‘பழுது ஏதும் இல்லை’ என்று காட்டினால் அதற்கு எந்தப் பொருளும் கிடையாது. பல நிறுவனக் கார்களையும் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறையிலோ, கார் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலோதான் இதைப் பார்க்க வேண்டும்.

விளக்க வரியில் இரண்டு செய்திகள் இருக்கும். ஒன்று இடம்: ஓட்டுநர் ஏர்பேக், முன்பயணி ஏர்பேக், இடப்பக்க பெல்ட் இறுக்கி என்று அது சொல்லும். மற்றொன்று பழுதின் வகை: மின்தடை அதிகம், மின்தடை குறைவு, பாடிக்கு ஷார்ட் (ஒயர் காரின் உலோக உடலோடு தொடர்பு கொள்வது), பேட்டரி மின்சாரத்தோடு ஷார்ட் என்று நான்கில் ஒன்றாக அது இருக்கும். இந்த இரண்டாவது செய்தியைப் பலர் கவனிப்பதில்லை. பையை விரியச் செய்யும் சிறு பற்றவைப்பு முனையின் மின்தடை ஏறத்தாழ 2 ஓம் மட்டுமே. கனெக்டரின் ஊசியில் படிந்த தூசியோ களிம்போ சேர்த்துவிடும் ஓர் ஓம் அளவிலான கூடுதல் தடையே, மாட்யூல் ஏற்றுக்கொள்ளும் எல்லையைத் தாண்டிவிடப் போதுமானது. ஹெட்லைட் ஒயரில் இருந்தால் யாருக்கும் தெரியாத அழுக்கு, இந்தச் சுற்றில் பழுதாகப் பதிவாவதற்கு இதுதான் காரணம். ஆகவே ‘மின்தடை அதிகம்’ என்று வந்தால் பையையோ மாட்யூலையோ மாற்றச் சொல்லும் பேச்சை நம்புவதற்கு முன், அந்தச் சுற்றிலுள்ள ஒவ்வொரு கனெக்டரையும் பார்த்துவிட வேண்டும். ‘மின்தடை குறைவு’ என்று வருவதற்கும் கனெக்டரே காரணமாகலாம்: கழற்றும்போது பை தவறி வெடித்துவிடக் கூடாது என்பதற்காக, ஏர்பேக் கனெக்டர்களுக்குள் இரு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடும் ஒரு சிறு தகடு இருக்கிறது. கனெக்டர் கடைசிவரை அமராமல் பாதியில் நின்றால், அந்தத் தகடு விலகாமல் நின்று இந்தக் குறியீட்டைத் தந்துவிடும்.

கை வைப்பதற்கு முன்

ஏர்பேக் ஒயர்களும் கனெக்டர்களும் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். மஞ்சள் நிறத்தைக் கண்டால், அங்கே வெடிமருந்து இருக்கிறது என்று பொருள் கொள்வது நல்லது. இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, மாட்யூலுக்குள் சேமிப்பாக இருக்கும் மின்சாரம் வடியும்வரை காத்திருந்த பிறகே எந்தக் கனெக்டரையும் தொட வேண்டும். காத்திருக்க வேண்டிய நேரத்தை டொயோட்டா 90 வினாடிகள் என்றும், ஹோண்டா மூன்று நிமிடங்கள் என்றும் தம் பழுதுபார்ப்புக் கையேடுகளில் சொல்கின்றன. பத்து நிமிடங்கள் காத்திருப்பதால் யாருக்கும் இழப்பு இல்லை. கனெக்டர் கழன்ற நிலையில் இக்னிஷனைப் போடக் கூடாது. போட்டால் இல்லாத பழுதுகளும் புதிதாகப் பதிவாகும்.

மல்டிமீட்டரை ஏர்பேக்கின் முனைகளில் வைத்து மின்தடை பார்ப்பது ஒருபோதும் கூடாது. மீட்டர் தானே ஒரு மின்னோட்டத்தை அனுப்பித்தான் மின்தடையை அளக்கிறது என்பதால், தயாரிப்பாளர்கள் இதைத் தடை செய்திருக்கிறார்கள். பயிற்சி பெற்ற டெக்னீஷியன், பையைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் சுமார் 2 ஓம் ரெசிஸ்டர் கொண்ட சோதனைக் கருவியைப் பொருத்திப் பார்ப்பார். குறியீடு மறைந்தால் பழுது பையில். மறையாவிட்டால் ஒயரிங்கில் அல்லது மாட்யூலில். ஸ்டீயரிங் பையைக் கழற்றுவதையும், ஏர்பேக் ஒயரை வெட்டி ஒட்டுவதையும் சொந்த முயற்சியாகச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. காரின் உரிமையாளர் கண்ணால் பார்த்தும், கவனித்துக் குறித்தும், ஒன்றிரண்டு கனெக்டர்களைச் சரியாக அமர்த்தியும் செய்யக்கூடியதே ஏராளமாக இருக்கிறது.

முதலில் சீட்டுக்கு அடியில் பாருங்கள்

பழைய கார்களில் திரும்பத் திரும்ப எரியும் விளக்குக்கு, முன் இருக்கைகளின் அடியிலுள்ள கனெக்டர்களே மிகப் பொதுவான காரணம். பக்கவாட்டு ஏர்பேக், பெல்ட் பக்கிளின் ஸ்விட்ச், முன்பயணி அமர்ந்திருக்கிறாரா என்று உணரும் சென்சார் ஆகியவற்றில் அந்தக் காரில் எவை உண்டோ அவற்றின் ஒயர்கள் இங்கேதான் செல்கின்றன. சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும்போதெல்லாம் ஒயர் இழுபடுகிறது. வாட்டர் வாஷ் செய்யும் இடத்தில் வேக்யூம் குழாயை உள்ளே விட்டு இழுக்கிறார்கள். உருண்டு போன தண்ணீர் பாட்டிலும் குடையும் அதில் மோதுகின்றன. சீட் கவர் தைத்து மாட்டும் கடைகளில் சீட்டையே கழற்றி வெளியே எடுத்துவிட்டு, திரும்ப மாட்டும்போது கனெக்டரின் பூட்டை முழுவதுமாக அழுத்தாமல் விட்டுவிடுவதும் உண்டு. சீட் கவர் மாற்றிய பிறகோ, உட்புறத்தைச் சுத்தம் செய்த பிறகோ விளக்கு எரியத் தொடங்கியிருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

சீட்டை நகர்த்தும்போது விளக்கு எரிகிறதா என்பதை, காரை நிறுத்திவைத்துக் கவனிப்பது நல்ல சோதனை. இக்னிஷன் போட்ட நிலையில் ஒயரைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பது மட்டும் வேண்டாம். மேலே சொன்னபடி பேட்டரியைக் கழற்றிக் காத்திருந்த பிறகு, கனெக்டரைப் பிரித்து, ஊசிகள் வளைந்திருக்கின்றனவா, பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்று பார்த்து, எலக்ட்ரிகல் கான்டாக்ட் கிளீனர் அடித்து, நன்கு உலரவிட்டு, பூட்டு ‘டக்’ என்று விழும்வரை அமர்த்த வேண்டும். ஒயர் இழுபடாத அளவுக்குத் தளர்வு விட்டு, சீட்டின் சட்டத்தோடு கேபிள் டையால் கட்டிவிட்டால் இதே தொல்லை மறுபடியும் வருவது குறையும்.

சீட் கவர் பற்றிப் பேசும்போதே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பக்கவாட்டு ஏர்பேக் சீட்டின் ஓரத்திலிருந்து கிழித்துக்கொண்டு வெளிவருவது. அந்த ஓரத்தை அழுத்தமான தையலோடு மூடிவிடும் சாதாரண கவரைப் போட்டால், விளக்கு ஒழுங்காக அணைந்திருந்தாலும் பை சரியாக விரியாது. சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் என்ற சிறு துணிப்பட்டி தைக்கப்பட்டிருந்தால், அந்தப் பகுதியில் எளிதில் பிரியும் தையல் கொண்ட கவரையே கேட்டு வாங்க வேண்டும்.

ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் சுருள்

குறியீடு ஓட்டுநர் ஏர்பேக்கைச் சுட்டினால், அடுத்த சந்தேகம் கிளாக் ஸ்பிரிங் மீது விழ வேண்டும். சுழலும் ஸ்டீயரிங் சக்கரத்துக்கும் அசையாத தண்டுக்கும் இடையே மின் இணைப்பை அறாமல் வைத்திருக்கும், நாடாவைப் போலச் சுருட்டப்பட்ட கேபிள் அது. ஆண்டுக்கணக்கில் திரும்பித் திரும்பி அதன் உள்ளே கீறல் விழும்போது, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் ஒடித்தால் விளக்கு எரியும், நேராக்கினால் தொடர்பு கிடைக்கும்; ஆனால் பல கார்களில் ஒருமுறை எரிந்த விளக்கு ஸ்கேனரால் அழிக்கும்வரை எரிந்துகொண்டே இருக்கும். ஹாரனும் ஸ்டீயரிங்கிலுள்ள ஆடியோ பட்டன்களும் இதே சுருள் வழியாகத்தான் செல்கின்றன என்பதால், அவற்றில் ஒன்று விட்டு விட்டு வேலை செய்தால் காரணம் ஏறக்குறைய உறுதி.

கிளாக் ஸ்பிரிங்கை மாற்றுவதில் ஒரு நுட்பம் உண்டு. முன்சக்கரங்கள் நேராக இருக்கும் நிலையில், சுருளையும் அதன் நடுநிலைக்குக் கொண்டுவந்து, அதிலுள்ள குறியோடு பொருத்திய பிறகே மாட்ட வேண்டும். நடுநிலை தவறினால், முதல்முறை முழுவதுமாக ஒடிக்கும்போதே புதிய சுருளும் அறுந்துவிடும். சக்கரச் சீரமைப்பின்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது என்று அதைக் கழற்றி வேறு கோணத்தில் மாட்டியிருந்தாலும் இதே கதிதான். பழைய காரை வாங்கியவருக்கு அந்த வேலை முன்பு நடந்ததா என்பது தெரியாது. ஆனால் ஒரே சுருள் இரண்டாவது முறையும் பழுதானால், பொருத்திய முறையைத்தான் கேள்வி கேட்க வேண்டும். சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய உதிரிபாகம் மலிவாகக் கிடைக்கிறது என்பது உண்மையே. கதவுக் கண்ணாடிக்கும் பம்பருக்கும் அங்கே போகலாம்; கிளாக் ஸ்பிரிங்குக்கும் ஏர்பேக்குக்கும் போகக் கூடாது.

பேட்டரி, தண்ணீர், எலி

தொடர்பில்லாத பல குறியீடுகள் ஒரே நேரத்தில் வந்தால், ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் துரத்தாமல் பொதுவான காரணத்தைத் தேட வேண்டும். வலுவிழந்த பேட்டரி, ஸ்டார்ட் செய்யும் வேளையில் மின்னழுத்தத்தை மிகவும் கீழே இறக்கிவிடும்; மாட்யூல் அதையும் பழுதாகப் பதிவு செய்யும். பேட்டரியை மாற்றியபின் ஒருமுறை குறியீட்டை அழித்து, திரும்ப வருகிறதா என்று பார்ப்பது நியாயமான வழி.

தண்ணீர் இதைவிடக் கடினமான எதிரி. பெரும்பாலான கார்களில் ஏர்பேக் மாட்யூல், இரு முன் இருக்கைகளுக்கும் நடுவே, கியர் லீவர் இருக்கும் பகுதியின் அடியில், தரைத்தகட்டோடு இறுக்கப்பட்டிருக்கிறது. ஒயர்கள் கார்ப்பெட்டின் கீழே ஓடுகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் மூழ்கிய கார்கள் ஏராளம். அவற்றுள் பல துடைத்து உலர்த்தப்பட்டுக் கைமாறியிருக்கும். சீட் தண்டவாளங்களின் இடுக்கில் வண்டல், பெல்ட்டை முழுவதுமாக இழுத்தால் கடைசி முழத்தில் கறை, கார்ப்பெட்டின் அடியில் ஈர வாடை, கனெக்டர்களில் பச்சைக் களிம்பு ஆகியவை தென்பட்டால், ஒரு கனெக்டரைத் துடைப்பதால் மட்டும் இந்த விளக்கு ஓயாது. ஏ.சி.யின் வடிகுழாய் அடைத்துக்கொண்டு, முன்பயணியின் கால் பக்கத்தில் தண்ணீர் தேங்குவதும் இதே விளைவைத் தரும். அதைச் சரிசெய்வது எளிது. எலி கடித்த ஒயரை டேப் சுற்றி ஒட்டாமல், தயாரிப்பாளர் அனுமதிக்கும் முறையில் மட்டுமே சரிசெய்ய வேண்டும். பல நிறுவனங்கள் ஏர்பேக் ஒயரிங்கை முழுவதுமாக மாற்றவே சொல்கின்றன.

எரியவே எரியாத விளக்கு

பழைய காரில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது, சாவியைப் போட்டதும் ஒரு கணமும் எரியாத விளக்குதான். விபத்தில் பை விரிந்த காரைச் சரியாகப் பழுதுபார்க்க, பைகள், பெல்ட் இறுக்கிகள், மோதல் தகவலைப் பூட்டி வைத்துக்கொண்ட மாட்யூல், பல சமயம் டேஷ்போர்டு என எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். இந்திய மோட்டார் காப்பீட்டின் வழக்கமான விதிகளில், தேய்மானத்துக்கென ஏர்பேக்கின் விலையில் 50 சதவீதம் கழிக்கப்படுகிறது. தேய்மானக் கழிவு இல்லாத கூடுதல் பாலிசி எடுக்காதவர், அந்தப் பாதியைக் கையிலிருந்து போட வேண்டும். இங்கேதான் குறுக்குவழி பிறக்கிறது. பல்பைக் கழற்றிவிடுவார்கள், கறுப்பு டேப் ஒட்டுவார்கள், ஆயில் விளக்கின் ஒயரோடு சேர்த்துவிடுவார்கள். இன்னும் கைதேர்ந்தவர்கள், டெக்னீஷியன் சோதனைக்குப் பயன்படுத்தும் அதே 2 ஓம் ரெசிஸ்டரை நிரந்தரமாகச் செருகி, பை இருப்பதாக மாட்யூலை நம்பவைத்துவிடுவார்கள். விளக்கு முறைப்படி எரிந்து அணையும். மூடிக்குப் பின்னால் பை இருக்காது.

இதைக் கண்டுபிடிக்கச் சில அறிகுறிகள் உண்டு. இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் அதே நொடியில் ஆயில் விளக்கோடு சேர்ந்து ஏர்பேக் விளக்கும் அணைந்தால் சந்தேகப்பட வேண்டும். அது தன் நேரக்கணக்கில் தனியாக அணைய வேண்டியது. ஸ்டீயரிங் மூடியின் நிறமும் சொரசொரப்பும் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கோடு ஒத்துப்போகின்றனவா, முன்பயணி பக்க டேஷ்போர்டில் ஒட்டிய கோடு தெரிகிறதா என்று பாருங்கள். சீட் பெல்ட்டின் அடிப்பகுதியில் தைத்திருக்கும் லேபிளில் தயாரிப்புத் தேதி இருக்கும். அது காரின் தயாரிப்புத் தேதியைவிட மிகவும் பிந்தியதாக இருந்தால், பெல்ட் ஏன் மாற்றப்பட்டது என்று கேட்க வேண்டும். முந்தைய உரிமையாளரின் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகத் தரப்படும் தள்ளுபடி) எத்தனை சதவீதம் என்று பாருங்கள்: பல ஆண்டுகள் ஒரே உரிமையாளரிடம் இருந்த காருக்கு அது சுழியாக இருந்தால், அண்மையில் இழப்பீடு பெறப்பட்டிருக்க வாய்ப்புண்டு. உறுதியாகத் தெரிந்துகொள்ள, நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்வதே வழி.

இதில் ஒரு விதிவிலக்கும் உண்டு. இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல்தான் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானது. முன்பயணி ஏர்பேக், புதிய மாடல்களுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முந்தைய அடிப்படை வேரியன்ட் கார்களில் பையே இல்லாதிருக்கலாம். அங்கே விளக்கு எரியாதது மோசடி ஆகாது. வேரியன்ட்டின் பெயரை ஆர்.சி.யில் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

இலவசமாகவே சரியாகக்கூடியவை

பட்டறையில் செலவழிப்பதற்கு முன், ரீகால் (குறையுள்ள கார்களை நிறுவனமே திரும்ப அழைப்பது) இருக்கிறதா என்று சேஸி எண்ணைக் கொண்டு கார் நிறுவனத்தின் இணையதளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ பார்த்துவிடுங்கள். 2023 ஜனவரியில் மாருதி சுசுகி, ஏர்பேக் கன்ட்ரோலரைச் சோதித்து மாற்றுவதற்காக, ஆல்டோ கே10, பலேனோ, பிரெஸ்ஸா உள்ளிட்ட 17,362 கார்களைத் திரும்ப அழைத்தது. ரீகால் வேலைக்குக் கட்டணம் இல்லை. நீங்கள் இரண்டாவது உரிமையாளரா மூன்றாவது உரிமையாளரா என்பதும் பொருட்டல்ல.

விளக்கே எரியாமலும் ரீகால் இருக்கலாம் என்பதற்கு ஜப்பானின் தகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகள் சான்று. அவற்றில் பையை ஊத வைக்கும் அம்மோனியம் நைட்ரேட், நீண்ட காலம் வெப்பத்திலும் ஈரத்திலும் இருந்து கெட்டுப்போய், விரியும்போது உலோகக் கூட்டையே சிதறடித்தது. அந்நிறுவனம் 2017 ஜூனில் திவாலானது. இந்தியாவில் ஹோண்டாவும் தன் பழைய கார்களைத் திரும்ப அழைத்துப் பாகத்தை மாற்றிக் கொடுத்தது. இந்தக் குறை மின்சுற்றில் இல்லாததால் மாட்யூலால் அதை உணர முடியாது. கடலோர ஊர்களின் புழுக்கத்தில் நின்ற பழைய ஹோண்டா சிட்டியையோ ஜாஸையோ வாங்கியவர்கள், விளக்கு ஒழுங்காக இருந்தாலும் சேஸி எண்ணை ஒருமுறை சரிபார்த்துவிட வேண்டும்.

வேலையை ஒப்படைக்கும்போது

பட்டறைக்குச் செல்லும்போது, விளக்கு எப்போது எரிகிறது என்ற குறிப்போடு செல்லுங்கள்: சீட்டை நகர்த்தும்போதா, ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போதா, மழை பெய்த மறுநாளா, காலையில் முதல் ஸ்டார்ட்டிலா. இந்த ஒரு வரி, டெக்னீஷியனுக்கு அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும். மாட்யூலை மாற்ற வேண்டும் என்று முதல் சந்திப்பிலேயே சொன்னால், கனெக்டர்களும் ஒயரிங்கும் சோதிக்கப்பட்டனவா, சோதனைக் கருவியைப் பொருத்திப் பார்த்தார்களா என்று கேளுங்கள். மாட்யூல் பழுதாவது உண்டு. ஆனால் தண்ணீர் புகுந்தோ விபத்து நேர்ந்தோ இருந்தால் ஒழிய, அதுதான் முதல் சந்தேகமாக இருக்க வேண்டியதில்லை. புதிய மாட்யூல் மாட்டினால், அதை அந்தக் காரின் வேரியன்ட்டுக்கு ஏற்பக் கோடிங் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் அதுவே புதிய குறியீட்டைத் தரும். பில்லில் பழைய குறியீட்டையும் மாற்றிய பாகத்தின் எண்ணையும் எழுதச் சொல்லி, பழைய பாகத்தைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் குறியீட்டை அழித்துவிட்டு, பட்டறை வாசலிலேயே காரை நிறுத்திவைத்து ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதுமாக ஒடித்து, சீட்டைக் கடைசிவரை நகர்த்தி, பெல்ட் பக்கிளைச் சில முறை மாட்டிக் கழற்றிய பிறகு, மேடு பள்ளமான ஒரு சாலையில் ஓட்டிப் பாருங்கள். பிறகு இன்னொரு முறை ஸ்கேன் செய்து, விளக்கு எரியாமலேயே ஏதேனும் குறியீடு பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம்.